ஒரு வெளிநாட்டவர் குறைகிறார்

"ஒண்ணு கேளு, இனா. என்ன வேணாலும் கேளு. இன்னிக்கு நான் மாட்டேன்னு சொல்லமாட்டேன்."

"என்ன வேணாலுமா?"

"என்ன வேணாலும். ஆனா சீக்கிரம் கேளு. நூடுல்ஸ் வந்துட்டா மனசு மாறிடும்."

நாலு வருடத்துக்கு முன்னால், பேருந்து நிலையத்தை ஒட்டிய சீன உணவகத்தில் என் கணவர் ஜுன்மோ இப்படிச் சொன்னார். அன்று காலையில்தான் என் குடியுரிமை அட்டை கைக்கு வந்திருந்தது. எங்கள் ஊரில் வீடு மாறினாலும் பட்டம் வாங்கினாலும் கறுப்பு ஜஜாங் நூடுல்ஸ் சாப்பிடுவது வழக்கம். நான் நாடே மாறியிருந்தேன். அதனால் கூடவே ஒரு பெரிய தட்டு பன்றி வறுவலும் சொல்லியிருந்தார்.

தட்டைக் கொண்டுவந்து வைத்த கடைக்காரர், "என்ன சார், விசேஷமா?" என்றார்.

"இவங்க என் மனைவி. உஸ்பெகிஸ்தான்லேர்ந்து வந்தவங்க. ஆனா பாருங்க, கொரியன் நம்மளவிட நல்லாப் பேசுவாங்க. நம்ம இலக்கியத்துல டாக்டர் பட்டம். இன்னியிலேர்ந்து நம்ம நாட்டுக்காரங்க!"

"அடேயப்பா! எங்க, ஏதாவது பேசுங்க, கேப்போம்."

"இன்னும் கொஞ்சம் வெங்காயம் வேணும்," என்றேன்.

கடைக்காரர் கை தட்டினார். பக்கத்து மேசையிலிருந்தவர்களும் தட்டினார்கள். ஜுன்மோவின் முகத்தைப் பார்த்தேன். அவரே என்னைப் பெற்று வளர்த்துப் பேசக் கற்றுக்கொடுத்ததுபோல அத்தனை பெருமை. கேட்க நினைத்தது வாய்வரை வந்து நின்றுவிட்டது.

"இப்ப வேணாம்," என்றேன். "பத்திரமா வச்சிருக்கேன். அப்புறமாக் கேக்கறேன்."

"எவ்வளவு நாள் வேணா வச்சிரு. ஆனா வட்டி தரமாட்டேன்," என்று சொல்லி நூடுல்ஸைக் கலக்க ஆரம்பித்தார்.

அப்படி வைத்தது நாலு வருடம் என்னிடமே இருந்தது. அதற்குள் எங்கள் பல்கலைக்கழகம் ஆசியாவில் ஒரு படி கீழே இறங்கிவிட்டது.

எங்கள் பல்கலைக்கழகம் என்றால் சொங்னிம் பல்கலைக்கழகம். தெற்கே, ஆற்றங்கரையில், மலையைக் குடைந்து கட்டியது. ஜுன்மோ அங்கே நிர்வாகப் பிரிவில் நிரந்தர ஊழியர். நான் பழைய மூவரிப் பாடல்களைக் கற்பிக்கும் ஒப்பந்த ஆசிரியை. ஒவ்வொரு பிப்ரவரியிலும் என் வேலை முடியும். ஒவ்வொரு பிப்ரவரியிலும் யாராவது யோசித்துவிட்டு, சரி, இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும் என்பார்கள். ஜனவரி பிறந்தால் எனக்கு ராத்தூக்கம் போய்விடும்.

ஆசியத் தரவரிசையில் நாங்கள் பல வருடங்களாக 251 முதல் 300 வரையிலான பிரிவில் இருந்தோம். அந்தப் பிரிவுக்குள் எந்த இடம் என்று தரவரிசைக்காரர்கள் சொல்வதில்லை. அதனால் 251 என்றே நாங்கள் வைத்துக்கொண்டோம். நுழைவாயிலில், பேருந்து நிறுத்தத்தில், குளிர்பானக் கடை மாடியில், எங்கு பார்த்தாலும் "வாழ்த்துகள்! ஆசியாவில் 251!" என்று பேனர் தொங்கும். யார் யாரை வாழ்த்துகிறார்கள் என்று அதில் இருக்காது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகமும் அதே பிரிவுதான். அவர்கள் பேனரில் 250 என்று போட்டிருந்தார்கள்.

போன வருடம் நாங்கள் 301–350க்கு இறங்கினோம். அவர்கள் இறங்கவில்லை.

பெரிய அரங்கத்தில் எல்லாரையும் கூட்டினார்கள். பல்கலைக்கழகத் தலைவர் மா மேடையேறினார். பல்கலைக்கழகத்தை நிறுவியவரின் மகன் என்பதால் அவருக்கு வேறு தகுதி தேவைப்பட்டதில்லை.

"யாரும் மனசு உடைஞ்சு போகவேணாம்," என்று ஆரம்பித்தார். "நாம இறங்கல. ஆசியா ஏறிடுச்சு. ஒரு பல்கலைக்கழகம்னா என்ன? மாணவர்களா? அவங்க நாலு வருஷத்துல போயிடுவாங்க. ஆசிரியர்களா? உங்களுக்கும் ஓய்வு வரும். நூலகமா? போன மாசம் தற்செயலா அதுக்குள்ள போனேன். யாருமே இல்ல. அப்ப நிலைச்சு நிக்கறது எது? எண்! எங்க அப்பா எனக்கு ஒரு கல்லூரியைக் கொடுத்தார். நான் என் மகனுக்கு ஒரு நல்ல எண்ணைக் கொடுத்துட்டுப் போகணும்."

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினோம். அடுத்த வாரமே ஆசியத் தரவரிசை மீட்புத் தலைமையகம் திறக்கப்பட்டது. தத்துவத் துறையை மூடியதில் அந்த அறை காலியாகத்தான் இருந்தது. தலைமையகத்தின் தலைவராக நாம்குங் என்ற பேராசிரியர் வந்தார். அவருக்குக் கீழே தரவுக் குழுவின் டீம் லீடராக ஜுன்மோவைப் போட்டார்கள்.

"டீம்ல எத்தனை பேரு?" என்று கேட்டேன்.

"லீடர் ஒருத்தர்," என்றார் ஜுன்மோ.

நாம்குங் கெட்டவர் அல்ல. தன் வேலையை முழு மனதோடு நம்பியவர். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அவர் சதவீதமாகத்தான் பார்த்தார். சாப்பாட்டு அறையில் கீரைக் குழம்பைப் பார்த்துக்கூட ஒருமுறை, "இதுல வெளிநாட்டுப் பங்கு எவ்வளவு?" என்று கேட்டார். சமையல்கார அம்மா, "கீரை சீனா, உப்பு நம்மூரு," என்றதும் ஏதோ குறித்துக்கொண்டார்.

முதல் உத்தரவு, எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் நடக்கவேண்டும் என்பது. உலகமயமாதல் என்ற தலைப்பில் அதற்குத் தனியாகப் புள்ளிகள் உண்டாம். எங்கள் துறையை ஏற்கெனவே அழகுக்கலைத் துறையோடு சேர்த்து 'உலகளாவிய கே-கலாச்சார ஒருங்கிணைப்புத் துறை' ஆக்கியிருந்தார்கள். பெயரில் இலக்கியம் என்ற சொல்லே கிடையாது. மீதி இருந்தது என் வகுப்பு ஒன்றுதான். அதில் உள்ளூர்ப் பிள்ளைகள், வியட்நாம் பிள்ளைகள், சமர்கந்திலிருந்து வந்த ஷெர்ஸோத் என்று ஒரு பையன். எல்லாருக்கும் பொதுவாகத் தெரிந்த மொழி கொரியன். யாருக்குமே சரியாகத் தெரியாத மொழி ஆங்கிலம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தாஷ்கந்தில் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம், வழி கேட்கவும் மன்னிப்புக் கேட்கவும் மட்டும் போதும்.

நாம்குங்கின் ஆட்கள் சத்தமில்லாத செருப்புப் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நடப்பார்கள். கதவோரம் உட்கார்ந்திருக்கும் ஷெர்ஸோத் நிழலைப் பார்த்ததும் பேனாவைக் கீழே போடுவான். உடனே வகுப்பு ஆங்கிலத்துக்கு மாறிவிடும்.

"நிலவு, தனி," என்பேன் நான்.

"பைன் மரமும் தனி," என்பாள் ஒரு மாணவி.

"எல்லாரும் தனி. மன்னிக்கவும்," என்று முடிப்பான் இன்னொருவன்.

நிழல் போனதும் கொரியனுக்குத் திரும்பிவந்து, ஏன் அந்தக் கவிஞர் நிலவிடம் பேசுகிறார், பேச வேறு ஆளா கிடைக்கவில்லை என்று மேலே தொடர்வோம். மாதக் கடைசியில் அறிக்கை வந்தது: 'ஆங்கிலம் சுருக்கம், தெளிவு. முன்மாதிரி வகுப்பு.'

இரண்டாவது, மேற்கோள்கள். ஒருவர் எழுதிய கட்டுரையை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்துத் தரவரிசையில் பெரிய பங்கு கொடுக்கிறார்கள். எங்களை யாரும் காட்டுவதில்லை. நாம்குங் ஒரு மாதம் யோசித்து, இதற்குத் தன் அம்மா வழியில் ஒரு தீர்வு கண்டுபிடித்தார். அவருடைய அம்மா சந்தையில் சீட்டுப் பிடித்தே நாலு பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்.

"எல்லாரும் மாசாமாசம் போடணும். முறை வச்சு ஒருத்தர் எடுக்கணும். அவ்வளவுதான்," என்று கூட்டத்தில் விளக்கினார். "பணத்துக்குப் பதிலா மேற்கோள்."

"வேற வேற துறையாச்சே சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பணத்துக்குத் துறை உண்டா?" என்றார் நாம்குங்.

இப்படியாக மேற்கோள் சீட்டு ஆரம்பமானது. மே மாதம் என் முறை. அதுவரை நான் நிலவைப் பற்றி எழுதிய கட்டுரையை நானும் என் கணவரும்தான் படித்திருந்தோம். அதில் அவர் பாதியில் தூங்கிவிட்டார். மே மாதத்தில் பல் சுகாதாரம், மீன்வளம், தீயணைப்பு என்று எல்லாத் துறையிலும் ஹோ இனா என்ற என் பெயர் வந்தது. கட்டுமானத் துறைக் கட்டுரை ஒன்றில், 'கான்கிரீட் விரிசல்கள் நிலவொளியில் சரியாகத் தெரிவதில்லை என்கிறார் ஹோ' என்று இருந்தது. நான் அப்படி எங்கும் சொன்னதில்லை. ஆனால் மறுக்கவும் முடியவில்லை. தெரியத்தான் தெரியாது. பதிலுக்கு நானும், கணவனைப் பிரிந்த பெண்ணின் பாடல் பற்றிய கட்டுரையில் சிப்பிகளுக்கு வரும் ஒட்டுண்ணி நோயை மேற்கோள் காட்டினேன்.

சீட்டு என்றால் எடுத்துக்கொண்டு ஓடுகிறவரும் இருப்பார். மார்ச் மாதம் முதல் சீட்டை எடுத்த ஒரு துறைத் தலைவர், அந்த மேற்கோள்களோடு ஆகஸ்டில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். நாம்குங் தன் அறையில் உட்கார்ந்து, "எங்கம்மாவோட சீட்டுல ஒருத்தர்கூட ஓடினதில்ல," என்று அழுததாக ஜுன்மோ சொன்னார்.

இதையெல்லாம் ஜுன்மோ வீட்டுக்கு வந்து சொல்லும்போது சேர்ந்து சிரிப்போம். சிரித்துக்கொண்டிருந்தவரைக்கும் அது எங்களுக்கு வெளியே நடக்கிற விஷயமாக இருந்தது.

அக்டோபரில் விளம்பரப் புத்தகத்துக்குப் படம் எடுத்தார்கள். பன்னாட்டுச் சூழல் என்ற பக்கத்துக்கு, புல்வெளியில் எங்கள் வகுப்பை நிற்கவைத்தார்கள். படக்காரர் என்னைப் பார்த்து, "மேடம், நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்க, வெளிநாட்டவர் மறையறார்," என்றார். திரும்பிப் பார்த்தேன். விளையாட்டு மைதானத்துக்குப் புல் பதிக்க வந்த ரஷ்யக்காரர் ஒருவர் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். மண்வெட்டியை வாங்கி வைத்துவிட்டு அவர் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார்கள். நான் ரஷ்ய மொழியில் அவரிடம், "சிரிங்க, சீக்கிரம் விட்டுடுவாங்க," என்றேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். அந்த ஆச்சரியம்தான் புத்தகத்தில் 'அறிவுத் தேடல்' என்ற தலைப்பில் வந்திருக்கிறது.

அன்று எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. கொரியாவிலிருந்து ரஷ்யாவுக்குப் பிழைக்கப் போன என் கொள்ளுத்தாத்தாவை அந்த நாடு ரயிலில் ஏற்றி, மத்திய ஆசியாவில் ஒரு புல்வெளியில் இறக்கிவிட்டது. கோஸ் கிடைக்காமல் கேரட்டில் கிம்ச்சி ஊறுகாய் போட்டு வாழ்ந்தவர்கள் நாங்கள். தாஷ்கந்தில் நான் கொரியக்காரி. இங்கே வந்ததும் உஸ்பெக்காரி. முதன்முதலாக ஒருவர், இவள் இந்த ஊர்க்காரி, படத்துக்கு ஆகமாட்டாள் என்று தள்ளிவிட்டார். வீட்டுக்கு வந்து ஜுன்மோவிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அன்றே நான் கவனித்திருக்க வேண்டும்.

நவம்பர் மாதம் நாம்குங் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வாங்க, ஹோ பேராசிரியரே. உட்காருங்க. காப்பி?"

அதுவரை அவருக்கு நான் 'ஹோ டீச்சர்'தான்.

"நம்ம கனடாக்காரர் போயிட்டார்," என்றார். "ஆத்துக்கு அந்தப் பக்கம். தனி வீடு கொடுத்திருக்காங்க. வெளிநாட்டு ஆசிரியர் விகிதத்துல நமக்கு இப்ப ஒரே ஒரு ஆள் குறையுது. ஒரே ஆள்! அந்த ஒருத்தர் இருந்தா நாம மறுபடி பழைய பிரிவுக்குப் போயிடலாம். ராத்திரி எல்லாம் பழைய ஃபைலைப் பாத்துட்டிருந்தேன். அப்பதான் உங்களைக் கண்டுபிடிச்சேன். நாலு வருஷத்துக்கு முன்னாடி நீங்க எவ்வளவு அருமையா இருந்திருக்கீங்க!"

"இப்ப?"

"இப்ப..." அவர் என் மனம் நோகாத சொல் ஒன்றைத் தேடினார். "இப்ப எல்லாரையும் போல இருக்கீங்க."

காப்பியை என் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு வருஷம் வெளிநாட்டவரா இருங்களேன்."

"எப்படி சார்?"

"முன்ன இருந்த மாதிரிதான். உங்களுக்கென்ன, அனுபவம் இருக்கு."

"சார், இந்தக் குடியுரிமை வாங்க எனக்கு எட்டு வருஷம் ஆச்சு."

"திருப்பிக் கொடுக்க அவ்வளவு ஆகாது. விசாரிச்சிட்டேன், ரொம்ப எளிசு. எளிசாவா வச்சிருக்காங்கன்னு எனக்கே ஆச்சரியம்."

"அப்புறம் நான் எந்த நாட்டுக்காரி? உஸ்பெகிஸ்தானை விட்டுட்டுத்தானே இதை வாங்கினேன்."

"அதைப் பத்திக் கவலையே வேணாம். தரவரிசை விண்ணப்பத்துல அந்தக் கேள்வி இல்ல. 'கொரியர் அல்லாதவர்'ன்னு ஒரே கட்டம்தான்." அவர் குரலில் உண்மையான ஆறுதல் இருந்தது. "பட்டியல் வெளிவந்ததும் மறுபடி கொரியர் ஆகிக்குங்க. பரீட்சையும் உங்களுக்குத் தெரிஞ்ச பரீட்சைதானே."

தெரிந்த பரீட்சைதான். நேர்காணலில் நாட்டுப்பண் பாடச் சொன்னார்கள். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நான் நாலு சரணமும் பாடினேன். இரண்டாவதில் அதிகாரிகள் உதடசைப்பதை நிறுத்தினார்கள். மூன்றாவதில் ஒருவர் கைப்பேசியை எடுத்து, அப்படி ஒரு சரணம் இருக்கிறதா என்று பார்த்தார். நாலாவதில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"நிரந்தர வேலை," என்றார் நாம்குங். "பேராசிரியர் பதவி. இனிமே பிப்ரவரியே உங்களுக்குக் கிடையாது. இல்லேன்னா... ரேங்க் இறங்கினா ஒப்பந்தக்காரங்களை வச்சுக்கறது ரொம்பக் கஷ்டம். மிரட்டறேன்னு நினைக்காதீங்க. நான் வெறும் கணக்கைச் சொல்றேன். உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலையா? போன திங்கக்கிழமையே அவர்கிட்ட பேசியாச்சே. நான் பாத்துக்கறேன்னு சொன்னாரே."

அன்று வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை குளிர்காலக் கிம்ச்சி போடும் நாள். உப்பில் ஊறிய கோஸ்களை அடுக்கி வைத்துவிட்டு, ரப்பர் கையுறை போட்டு, பெரிய தொட்டிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் உட்கார்ந்து மிளகாய் விழுதைத் தடவிக்கொண்டிருந்தோம். அவர் வாயைத் திறப்பார் என்று முதல் கோஸிலிருந்து காத்திருந்தேன்.

"இஞ்சி ஜாஸ்தியோ?" என்றார்.

"நாம்குங் என்னைக் கூப்பிட்டார்."

அவர் கை நின்றது. இலையை விரித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல, இனா."

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"பேசிப் பாக்கறேன்னு..."

"முடியாதுன்னு சொல்லலையா?"

"அவர்கிட்ட இதுவரைக்கும் யாரு முடியாதுன்னு சொல்லியிருக்காங்க? நான் சொன்னா பிப்ரவரியில உன் பேரைத்தான் முதல்ல அடிப்பாரு. ஜனவரி வந்தா நீ தூங்கறதே இல்லை. நான் என்ன பாக்காமலா இருக்கேன்? ஒரு வருஷம்தானேன்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. ஒரே ஒரு நிமிஷம்."

"திங்கக்கிழமைலேர்ந்து வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு நிமிஷமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாக, "எனக்கு நீ எந்த அட்டை வச்சிருந்தாலும் ஒண்ணுதான்," என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. "எனக்கு ஒண்ணு இல்ல," என்றேன்.

கிம்ச்சி போடும்போது ஒரு இலையைச் சுருட்டி எதிரில் இருப்பவர் வாயில் கொடுப்பது எங்கள் வழக்கம். அவர் சமாதானமாக வாயைத் திறந்தார். நான் இலையைத் தொட்டியிலேயே போட்டேன். திறந்த வாயோடு அவர் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

அன்று மாலை லிஃப்டில் புதிதாகக் குடிவந்த ஏழாம் மாடி அம்மா எங்கள் கையிலிருந்த கிம்ச்சி டப்பாவைப் பார்த்து, "வீட்டுலயே போட்டதா?" என்றாள். ஜுன்மோவுக்குச் சண்டை நடந்தது மறந்துபோய்விட்டது.

"என் மனைவி போட்டது. உஸ்பெகிஸ்தான்லேர்ந்து வந்தவங்க. ஆனா பாருங்க..."

நான் லிஃப்டின் எண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். பல் மருத்துவரிடம், மீன்காரியிடம், என் மாமனாரின் சாவு வீட்டில் வந்தவர்களிடம்கூட இதையே சொல்லியிருக்கிறார். ஒருமுறைகூட அதில் இளப்பம் இருந்ததில்லை. இருந்திருந்தால் என்றோ சண்டை போட்டிருப்பேன். பெருமைப்படுகிற மனிதரிடம் என்னவென்று சண்டை போடுவது? இந்த முறை வேறொரு யோசனையும் வந்து, அதற்குப் பிறகு போகவே இல்லை. நாம்குங்குக்கு நான் வெளிநாட்டவர் என்பது பழைய ஃபைலில் கிடைத்தது. இவருக்கு அது மறந்ததே இல்லையோ?

அந்த வாரம் முழுக்க நாங்கள் கிம்ச்சி நன்றாக வந்திருக்கிறது என்பதை மட்டும் பேசிக்கொண்டோம்.

தரவரிசைக்கான தரவுகளைக் கணினியில் ஏற்றி அனுப்பும் நாளுக்குத் தலைமையகத்தில் பூசை வைத்தார்கள். புதுக்கடை, புது லாரி, புதுக் கட்டடம் என்றால் பன்றித்தலையை வைத்துக் கும்பிடுவது எல்லாரும் செய்வதுதான். கணினிக்கு முன்னால் வைத்ததை அன்றுதான் பார்த்தேன். வேகவைத்த தலை, சிவப்புப் பயறு தூவிய அரிசிக் களி, நூல் சுற்றிய கருவாடு, அரிசிக் கள். தலை சிரித்தமுகமாக இருக்கவேண்டும் என்று நாம்குங் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஜுன்மோ விடியற்காலையில் சந்தைக்குப் போனபோது நன்றாகச் சிரித்த தலையை ஆற்றுக்கு அந்தப் பக்கத்தார் வாங்கிப் போயிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்த தலை ஏதோ யோசனையில் இருந்தது.

எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார்கள். 'சமூக ஈடுபாடு' என்ற தலைப்பில் அதையும் சேர்த்து அனுப்புவதாகத் திட்டம்.

தலைவர் மா முதலில் வந்து, காலணியைக் கழற்றிவிட்டு, பன்றித்தலைக்கு முன்னால் நெற்றி தரையில் பட விழுந்து எழுந்தார். காணிக்கையாக ஒரு பணத்தாளைச் சுருட்டி அதன் வாயில் செருகினார்.

"எனக்காக ஒண்ணும் கேக்கல," என்றார் உரக்க. "பிள்ளைகள் சேரலேன்னாலும் பரவாயில்ல. துறைகள் மூடினாலும் பரவாயில்ல. நாங்க தாங்கிக்குவோம். கல்விங்கறதே தியாகம்தானே. அந்தப் பக்கத்துக்காரங்களைவிட ஒரே ஒரு படி மேல வச்சிடு."

ஒவ்வொருவராக வந்து விழுந்து எழுந்து, தாளைச் செருகி, வேண்டுதலைச் சத்தமாகச் சொல்லவேண்டும் என்பது நாம்குங்கின் ஏற்பாடு. பல் சுகாதாரத் துறை மேற்கோள்கள் கேட்டது. மீன்வளத் துறை, சீட்டெடுத்து ஓடிப்போனவருக்குக் கெடுதல் கேட்டது. நாம்குங் என் தோளைத் தொட்டு முன்னால் நகர்த்தினார்.

"இப்ப ஒரு நல்ல சேதி. ஹோ பேராசிரியர் தன் வாயாலயே சொல்லப்போறாங்க. நம்ம பல்கலைக்கழகத்துக்காகத் தன் குடியுரிமையையே..."

நான் அப்படிச் சொல்கிறேன் என்று அவரிடம் சொன்னதே இல்லை. மறுக்கவில்லை என்பதால் சம்மதம் என்று கணக்குப் பண்ணியிருந்தார்.

தலைவர் மா என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அவரிடம் வேலை பார்ப்பது ஆறாவது வருடம். "யாரு இந்த அம்மா? வெளிநாட்டவர் மாதிரியே இல்லையே?"

"அதான் சார் சிறப்பு," என்ற நாம்குங், ஜுன்மோவை முழங்கையால் இடித்தார். "பியோ ஜுன்மோ டீம் லீடர், நீங்களே அறிமுகப்படுத்துங்க."

ஜுன்மோ என்னைப் பார்த்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவரும் தூங்கியிருக்கவில்லை. பேச வாயெடுத்தார். அவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. தெரியாதபோது என்ன வருமோ அதுதான் வந்தது.

"இவங்க என் மனைவி. உஸ்பெகிஸ்தான்லேர்ந்து வந்தவங்க. ஆனா பாருங்க..."

அதற்கு மேல் அவராலும் போகமுடியவில்லை. வாக்கியம் அங்கேயே நின்றது.

நான் பன்றித்தலைக்கு முன்னால் போனேன். வாய் நிறைந்திருந்தது. மூக்குத் துளைகளும் நிறைந்திருந்தன. என் தாளைக் காதில் செருகினேன்.

"சத்தமாச் சொல்லுங்க, பேராசிரியரே," என்றார் நாம்குங். "மைக் தூரத்துல இருக்கு."

"நான் குடியுரிமையை விடமாட்டேன் சார். பிப்ரவரியில என்ன செய்யணுமோ செஞ்சுக்குங்க."

நாம்குங் வீடியோக்காரரிடம் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார். அவர் நிறுத்தவில்லை, எந்தப் பொத்தான் என்று தேடிக்கொண்டிருந்தார். தலைவர் மா, "அப்ப இந்த அம்மா யாருதான்?" என்று மறுபடி கேட்டார். நான் அவருக்கும் பதில் சொல்லவில்லை, பன்றிக்கும் சொல்லவில்லை. கருவாட்டுக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற மனிதரைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்னங்க. அன்னிக்கு நூடுல்ஸ் கடையில ஒண்ணு கேளுன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு," என்றார்.

"வட்டி வேணாம். இப்பக் கேக்கறேன். இனிமே யார் கேட்டாலும் 'இவங்க என் மனைவி'ன்னு சொல்லுங்க. அதோட நிறுத்திடுங்க."